மாவு மாதிரி மண்ணு

வாங்கண்ணா, வாங்க. வண்டிய அந்தப் புங்க மரத்தடியில வுட்டுட்டு கொட்டாய்க்குள்ள வந்துடுங்க. வானத்தப் பாருங்க, மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருக்குது, எங்க வூட்டுக்காரி மாதிரி. தோ, அந்தக் கோடி வரப்புல முக்காடு போட்டுகினு குந்திகினு இருக்கறா பாருங்க, அவதான். பவுனு. நீங்க வந்தது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி குந்திகினு இருக்கறா. காது மட்டும் இங்க இருக்கும்.

என் கொல்லை ஓரமாத்தானே வந்தீங்க? ரோடு மாதிரி இருந்துச்சா இல்லியா? அதான் தசரதன் ஓட்டு. நீங்க வரீங்கன்னு நேத்துதான் ரெண்டு சுத்து சும்மா ஓட்டி வச்சேன். மிஷின வாங்க வர்ற மனுசன், அது பண்ற வேலையப் பாக்க வேணாமா?

இருங்க, தார்ப்பாய எடுக்கறேன். ம்ம். பாருங்க. நம்ம ராசாத்தி. இதுக்குப் பேரு ரொட்டவேட்டருன்னு கம்பெனிக்காரன் வச்சான். நான் ராசாத்தின்னுதான் கூப்டுவேன். கத்தியெல்லாம் புதுசா மாட்டுனது. கை வச்சுப் பாருங்க, வெட்டாது. வெட்டாதுன்னு சொன்னேன், அழுத்தாதீங்க! வெட்டும்.

ஏன் விக்கறேன்னு கேக்கப் போறீங்க. வர்றவன் எல்லாம் அதத்தான் கேக்கறான். ரிப்பேரு எதுனா இருக்குதா, கியர் பாக்ஸு சத்தம் போடுதான்னு. ஒரு மண்ணும் இல்லண்ணா. நான் டிராக்டர்ல ஏறி, பின்னாடி இத மாட்டுனா போதும், டுர்ர்ர்ர்ருனு ஆரம்பிச்சு டடடடடடன்னு ஒரே தாளம். அந்தத் தாளத்துல நானே தூங்கிடுவேன். ரிப்பேரு மிஷின்ல இல்ல. ரிப்பேரு என் மச்சான்கிட்ட இருக்குது. குந்துங்க, சொல்றேன். இந்த மூட்ட மேலயே குந்துங்க, உரம்தான், ஒண்ணும் ஆவாது.

இந்தக் கொல்லை மொத்தமும் என் மாமனாருது. அவரு போனப்புறம் நடுவுல ஒரு வரப்பப் போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. இந்தப் பக்கம் பவுனு பேருல. அந்தப் பக்கம் அவ தம்பி கன்னியப்பன். மேடு கொஞ்சம் நம்ம பக்கம், பள்ளம் அவன் பக்கம். மத்தபடி ஒரே செம்மண்ணு, ஒரே மழ, ஒரே கெணறு. சரிதானா? அப்பறம் ஒருத்தன் கொல்லை மாதிரி ஒருத்தன் கொல்லை இருக்கணுமா வேணாமா?

மொதல்ல அவன் கொல்லைக்கும் நான்தான் ஓட்டுனேன். "மாமா, எப்ப மாமா வருவ?"ன்னு பின்னாடியே சுத்துவான். அப்பறம் யாரோ கூட்டிகினு போயி ஏதோ பயிற்சி குடுத்தாங்க. ரெண்டு நாளு சாம்பார் சாதம் துன்னுட்டு வந்தான். வந்ததுல இருந்து ஆளு மாறிட்டான். அவன் பேசறது எப்டின்னா, மாடு அசை போடற மாதிரிண்ணா. "மாமா... ஆ... மண்ணுக்கு... ஆ... உசுரு இருக்குது மாமா." நான் சொன்னேன், உசுரு இருந்தா என்னிக்காவது எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கச் சொல்லுடா, தெனம் மிதிக்கறேன்ல. சிரிக்க மாட்டான். "அப்டி இல்ல மாமா... ஆ..." இவன் ஒரு வாக்கியத்த முடிக்கறதுக்குள்ள நான் ஒரு காணி ஓட்டிடுவேன்.

அன்னிலேர்ந்து மிஷின உள்ள வுட மாட்றான். எப்பவோ ஒரு தடவ சாதா கலப்பையில மேலாக்கக் கீறி வுடறதோட சரி. அப்பறம் சணப்பு வெதைக்கறான், தழ உரமாம். அது இடுப்பளவு வளர்ந்து பூ வுடறப்போ, அப்டியே மடிச்சு மண்ணுல போட்டுடறான். வெதைச்சத அறுக்காம மண்ணுக்கே குடுக்கறவன எங்கனா பாத்திருக்கீங்களா? மல்லாட்டைக் கொடி, தோலு, சருகு, ஊருல இருக்கற குப்பையெல்லாம் அவன் கொல்லையிலதான். மல்லாட்டைன்னா முழிக்கறீங்களே, உங்க ஊருல வேர்க்கடலைம்பாங்க. தோ பாருங்க அவன் பக்கத்த. ஒரு மாசமா தல சீவாதவன் மாதிரி இல்ல?

இப்ப நம்ம பக்கம் பாருங்க. ஒரு சருகு? ஒரு குச்சி? இருக்கவே இருக்காது. அறுவட முடிஞ்ச மறுநாளே ஒரு தீக்குச்சி. சுத்தம். மழ பேஞ்சுதுன்னா ஒவ்வொருத்தனும் ஈரம் காயட்டும், காயட்டும்னு வானத்தப் பாத்துகினு இருப்பான். நான் மறுநாளே எறக்கிடுவேன். ஈரத்துல ஓட்டுனா வெண்ணெய்ல கத்தி போற மாதிரிண்ணா, டீசலும் கம்மி. ரெண்டு சுத்து மண்ணுக்கு, மூணாவது சுத்து என் ஆசைக்கு. கைல அள்ளிப் பாருங்க. பாருங்கன்னா, கூச்சப்படாதீங்க. வெரல் சந்துல ஒழுவுதா? சலிச்ச மாவு! இதுல புட்டே சுடலாம்.

அடியில இன்னும் விசேசம். ஒரு சாண் தோண்டுனீங்கன்னா தரை போட்ட மாதிரி மழமழன்னு இருக்கும். நம்ம வூட்டுக் கூடத்துல கூட அப்டி சமமா இருக்காது. கடப்பாரையப் போட்டா டங்குங்கும். வருசா வருசம் ஒரே ஆழத்துல, ஒரு நூல் ஏறாம எறங்காம ஓட்டுனாதான் அப்டி வரும். எல்லாவனுக்கும் வராது.

முன்னயெல்லாம் ஓட்டறப்போ வண்டி பின்னாடியே கொக்கு கூட்டமா வரும் தெரியுமா? புழு பொறுக்க. இப்படி, கழுத்த நீட்டிகினு, டக்கு டக்குன்னு. இப்ப நம்ம பின்னாடி வர்றதில்ல. என் ஸ்பீடுக்கு அதுங்களால ஈடு குடுக்க முடியல. எல்லாம் கன்னியப்பன் கொல்லையில போயி குந்திகினு இருக்குதுங்க. சோம்பேறி கொக்குங்க, சோம்பேறி வெவசாயி. சோடி சேந்துடுச்சு.

என்னண்ணா, தலையாட்டறீங்க, வாயத் தொறக்க மாட்றீங்க? பல்லு வலியா? சரி சரி, கேளுங்க.

போன வருசம் வேளாண்மை ஆபீசுலேர்ந்து ஒரு அக்ரி மேடம் வந்தாங்க. சின்னப் பொண்ணு, நல்லா பேசுது. இந்தக் கொட்டாயிலதான் ஊரையே கூட்டி வச்சுது. ரெண்டு கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சுட்டு, "தசரதன் சார், உங்க நிலத்துலேர்ந்து ஒரு மண் கட்டி எடுத்துட்டு வாங்க"ன்னுது. நான் சொன்னேன், மேடம், என் கொல்லையில மண் கட்டி கேக்கறீங்களே, பால்காரன்கிட்ட கள்ளு கேக்கற மாதிரி இருக்குதேன்னு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்பறம் கடப்பாரையப் போட்டு அடித்தரையிலேர்ந்து பேத்து எடுத்துகினு வந்தேன். கன்னியப்பன் அவன் கொல்லையில கையால நோண்டி ஒண்ணு எடுத்தான். அதுல வேரும் பொந்துமா, கரையான் அரிச்ச ரொட்டி மாதிரி இருந்துச்சு.

ரெண்டையும் தண்ணியில போட்டுது அந்தப் பொண்ணு. என்னுது போட்டதும் புஸ்ஸுன்னு கரைஞ்சு ஒரே டீ. அவனுது அப்டியே நிக்குது. தண்ணி தெளிவா இருக்குது, கட்டி கரையவே இல்ல. நான் துண்ட சுத்தி ஒரு ஆட்டம் போட்டேன். பாத்துக்கோ, என் மண்ணு சக்கர மாதிரி கரையுது, என் மச்சான் மண்ணு வெந்தும் வேகாத பருப்பு மாதிரி நிக்குதுன்னு! ஊரே விழுந்து விழுந்து சிரிக்குது. அந்த மேடம் மட்டும் என்னையே பாக்குது. "சார், கரையாம இருக்கறதுதான் சார் நல்லது. மழைல கரையாது. தண்ணிய உள்ள வுடும்"ன்னுது. மேடம், கரையாத சோப்ப காசு குடுத்து எவனாவது வாங்குவானான்னு கேட்டேன். டம்ளர கழுவிகினு போயிடுச்சு.

பவுனு அன்னிக்கு இந்தக் கம்பத்தப் புடிச்சுகினு நின்னா. எல்லாரும் போனப்பறமும் நின்னா. கன்னியப்பன் கட்டிய டம்ளர்லேர்ந்து எடுத்து, கைல வச்சு உருட்டிப் பாத்துகினே இருந்தா. இன்னாடி, முட்ட பொரிக்கப் போறியான்னு கேட்டேன்.

அதுலேர்ந்து ஆரம்பிச்சுதுண்ணா எனக்கு ஏழரை.

இந்த வருசம் மல்லாட்டை போட்டோம். மாவு மாதிரி ஓட்டி, நல்ல வெதையா வாங்கி, வெதைச்சாச்சு. மறுநாளே ஒரு மழ. அடிச்சு ஊத்திட்டு, பளிச்சுன்னு வெயிலு. மேல அப்டியே ஓடு கட்டிக்கிச்சு. அப்பளம் மாதிரி. நடந்தா சலக் சலக்குங்குது. முள வெளிய வர முடியாம உள்ளயே மடங்கிக் கெடக்குது. நோண்டிப் பாத்தா இப்டி, கூனிக்கினு, மாமியாருக்கு முன்னாடி மருமவ நிக்கற மாதிரி. வெதைக்காரன் ஏமாத்திட்டான். வேற இன்னா சொல்றது? கன்னியப்பன் அதே கடையில, அதே மூட்டையில வாங்குனான், அவனுக்கு மொளைச்சுதுன்னு சொல்றாங்க. மூட்டையில மேல இருக்கறது நல்லதா இருக்கும், அடியில இருக்கறது சொத்தையா இருக்கும். நமக்கு அடி வந்துச்சு.

வந்தது வரட்டும்னு வுட்டேன். பூத்துச்சு. மல்லாட்டை மேலதான் பூக்கும் தெரியுமில்ல? பூ உதுந்தப்புறம் ஊசி மாதிரி ஒண்ணு கீழ எறங்கும். அது மண்ணுக்குள்ள போயி நொழஞ்சாதான் காய். என் கொல்லையில அந்த ஊசி எறங்கி வந்து, மண்ண ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு, அப்டியே மடங்கி நின்னுச்சு. வெறும் பயலுவ! நான் மண்டி போட்டு ஒவ்வொண்ணா உள்ள சொருவ முடியுமா?

அப்பறம் புடுங்கற நாளு. அதச் சொல்லாம இருக்கலாம். சொல்றேன், நீங்க நல்ல மனுசனா இருக்கீங்க.

எங்க பக்கம் மல்லாட்டை புடுங்க வர்ற பொம்பளைங்களுக்கு கூலி காயாத்தான். புடுங்கி, ஆய்ஞ்சு, குவியல் போட்டு, அதுல பங்கு அளந்து குடுப்போம். காய் நெறைய இருந்தா அவங்களுக்கும் நெறைய. செஞ்சியம்மான்னு ஒருத்தி, அவதான் கூட்டத்துக்குத் தலைவி. வாயப் பாத்தா நாலு ஊரு ஓடும். காலங்காத்தால பாட்டுப் பாடிகினு வந்து வரிசையா எறங்குனாங்க. மொதல் செடியப் புடிச்சு இழுத்தா, செஞ்சியம்மா. படக்குன்னு கைல தழ வந்துச்சு. வேரு அந்துச்சு. காயி உள்ளயே நின்னுபோச்சு. அடுத்த செடி, படக். அடுத்தது, படக். எல்லார் கையிலயும் வெறும் தழ. "இன்னா தசரதா, மல்லாட்டைக்குப் பதிலா கீரை போட்டியா?"ன்னா. "மண்ணா இது, மாடி வூட்டுத் தளமா?"ன்னா இன்னொருத்தி. நானும் சிரிச்சேன். சிரிக்காம? தண்ணி தெளிச்சு வுடறேன்டி, செத்த நேரம் இருங்கன்னேன்.

செஞ்சியம்மா வரப்பு மேல ஏறி கன்னியப்பன் கொல்லையப் பாத்தா. அவன் பக்கம் ஒரு செடிய அவளே சும்மா ரெண்டு வெரல்ல இழுத்தாண்ணா. முழுசா வந்துச்சு. வேரு, காயி, மண்ணு பொலபொலன்னு உதிருது. கொத்து கொத்தா தொங்குது, கொலுசு மாதிரி. அவ்ளோதான். முந்தானைய உதறி இடுப்புல சொருவிகினு ஒவ்வொருத்தியா வரப்பத் தாண்டிட்டாங்க. இன்னும் மோரு குடிக்கற நேரம் கூட ஆவல. என் கொல்லையில நானும் பவுனும்தான்.

கன்னியப்பன் ஓடி வந்தான். "மாமா... ஆ... நான் கூப்டல மாமா... அவங்களா..." வாடா நல்லவனே, அதையும் மெதுவா சொல்லு, அவங்க ஆய்ஞ்சு முடிக்கறதுக்குள்ள சொல்லி முடிச்சுடுன்னேன்.

பவுனு களக்கொத்த எடுத்துகினு குந்துனா. ஒவ்வொரு செடி எடமா கொத்தி, உள்ள நின்னுபோன காய நோண்டுனா. பொழுது சாயற வரைக்கும். களக்கொத்துப் புடி ஒடைஞ்சுது. அப்பறம் கையால. நான் பாத்தேன், இவ மொகம் சரியில்ல, சிரிக்க வைப்போம்னு செஞ்சியம்மா மாதிரி நடந்து காட்டுனேன். முந்தானைய உதறி, இடுப்ப ஆட்டி, "கீரை போட்டியா?"ன்னு. நான் இன்னா பண்ணாலும் சிரிக்கறவண்ணா அவ. கல்யாணத்தன்னிக்கு ஐயரு மாதிரி நான் பண்ணதுக்கு தாலி கட்டறப்போ சிரிச்சவ. அன்னிக்கு சிரிக்கல. நகத்துக்குள்ள மண்ணு ஏறி ரத்தம். "இது எங்கப்பன் மண்ணு இல்ல. எங்கப்பன் மண்ணுல கை வச்சா உள்ள போவும்"ன்னா. நான் சொன்னேன், உங்கப்பன் காலத்துல உன் கை ஒல்லியா இருந்திருக்கும்னு.

அப்பத்தான் சொன்னா. ஆடிக்குள்ள அந்த மிஷின வித்துடு. விக்கலன்னா, கொல்லைய தம்பிகிட்ட குடுத்துடறேன், அவன் பயிர் வைக்கட்டும். நீ ஊரு கொல்லையெல்லாம் மாவாக்கிகினு சுத்து.

நியாயமாண்ணா இது? சொல்லுங்க. ஊரு கொல்லையெல்லாம் ஓட்டுன கை இது. ஆனா ஒண்ணு, இப்ப கூப்புடறவனும் கொறஞ்சுட்டான். கன்னியப்பனப் பாத்து கெட்டுப்போச்சு ஊரு. அங்க ஒரு சணப்பு, இங்க ஒரு சணப்பு. இருந்தாலும் கொல்லை இல்லாத தசரதன எவன் மதிப்பான்? பொண்டாட்டி கொல்லைக்கு மச்சான் வெவசாயி, நான் வரப்புல குந்தி வேடிக்க பாக்கணும். அதுக்குத்தான் பல்லக் கடிச்சுகினு ராசாத்திய விக்கறேன். இல்லன்னா உங்கள இங்க கூப்பிடுவேனா? நீங்க எடுத்துகினு போங்க. உங்க கொல்லை எப்டி, செம்மண்ணா, களியா? எதா இருந்தாலும் சரி, ரெண்டு வருசம் இதுல ஓட்டுங்க, அப்டியே என் கொல்லை மாதிரி ஆயிடும். நான் கியாரண்டி!

என்னண்ணா, மொகம் இப்டி போவுது?

ஆ, வந்துடுச்சு பாத்தீங்களா மழ. அடிக்குது பாருங்க தகரத்துல. உள்ள தள்ளி வாங்க. நனையாதீங்க. ஏய் பவுனு! இங்க வாடி! வர மாட்றா பாருங்க. மழையில நின்னுகினு இன்னாத்தப் பாக்கறான்னு தெரியல. கீழயே பாத்துகினு நிக்கறா.

நல்ல மழதான். இன்னிக்கு எறங்குனா நாளைக்கு ஒரு ஓட்டு ஓட்டலாம். தண்ணிதான் நிக்க மாட்டேங்குது. எப்பவும் இப்டித்தான் இந்தக் கொல்லை. அதோ, ஓட ஆரம்பிச்சுடுச்சு பாருங்க. செவப்பா, செங்கல் சூளையில கழுவுன மாதிரி. நேத்து ஓட்டுன மாவெல்லாம் அப்டியே வழிச்சுகினு போவுது. இந்த வரப்பு ஒரு எடத்துல தாழ்ந்து இருக்குது, அது வழியா அவன் கொல்லைக்கு. அங்க போனதும் பாருங்க, ஓட்டம் நின்னுச்சா? அந்தக் குப்பையில தேங்குது, மண்ணு அப்டியே படியுது, தண்ணி உள்ள போயிடுது. அந்தக் கோடியில வெளிய வர்ற தண்ணியப் பாருங்க, தெளிவா வருது. என் மண்ண முழுசா வடிகட்டி வச்சுக்கறான். வருசா வருசம். நான் ஓட்டறேன், அவன் சேக்கறான்! அத எந்த பயிற்சியில சொல்லிக் குடுத்தான்னு கேக்கணும்.

தோ, வந்துட்டான் மம்பட்டியோட. கோணிய முக்காடு போட்டுகினு. பாருங்க, அக்காளும் தம்பியும் வரப்பு தாழ்ந்த எடத்துல நின்னுகினு பாக்கறாங்க. அவ குனியறா. தண்ணியில கைய வுட்டு அள்ளறா. இன்னாத்த அள்ற, போறது போவட்டும். இருங்க, ஏதோ சத்தம் போடறா. மழையில சரியா கேக்கல.

கேட்டுச்சாண்ணா?

"தம்பி, சணப்பு வெதை இருக்குதா"ன்னு கேக்கறா.

"எவ்ளோ வேணும்க்கா"ங்கறான். பாருங்க, இதுக்கு மட்டும் ஆ போடாம பேசறான்.

கொல்லை பூராவுக்கும்னு கை காட்டறா. இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு. ஆடி வரைக்கும் கூட நிக்கல பாருங்க. தவணையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்ணு முன்னாடி போச்சு, கொல்லை பின்னாடி போவுது. எல்லாம் அந்த வரப்பத் தாண்டி.

எழுந்துட்டீங்களே. மழ வுடட்டும்ணா. வெல பேசவே இல்லியே? யோசிச்சு சொல்றீங்களா? இன்னா யோசன? நான் எதுனா தப்பா சொன்னனா? மொதல்லேர்ந்து நல்லதாத்தானே சொல்லிகினு இருக்கறேன்! ராசாத்தியப் பத்தி ஒரு வார்த்த கொற சொன்னனா? கன்னியப்பன் வழியில உங்கள நிறுத்தி எதுனா ஓதிட்டானா?

சரி, போறவர புடிச்சா வைக்க முடியும். தார்ப்பாய அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க, மூடிடலாம். கத்தி நனைஞ்சா துரு புடிச்சுடும்.

அண்ணா, அண்ணா! அந்தப் பக்கம் போவாதீங்க. என் கொல்லை ஓரமா இப்ப போவ முடியாது, வண்டி சக்கரம் பொதைஞ்சு நின்னுடும். ஒரே சேறு. நானே போவ மாட்டேன். வரப்பத் தாண்டி அவன் கொல்லை ஓரமா தள்ளிகினு போங்க. அங்க கால் வழுக்காது.